பொலிகிடாயைப் பேணுக!

(ஆடு வளர்ப்போர் கழகக் கிளையொன்றின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் படித்த ஆண்டறிக்கையைக் கேட்டோம். ஊசி போட்ட நாள், சந்தைக்குச் சென்ற நாள், வரவு, செலவு யாவும் அதில் உள. அதில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசவே யான் எழுந்தேன்.

தமிழாசிரியனுக்கு ஆட்டுப்பட்டியில் என்ன வேலை என்று எவரேனும் கேட்கலாம். படியாத மாணவனை "நீ ஆடு மேய்க்கத்தான் தகுதி" என்று வைகின்ற ஆசிரியர் இன்னும் உளர். வெயில், மழை, புல், நோய், விலை ஆகிய ஐந்தையும் ஒருங்கே கணக்கிட்டு, ஓராண்டு ஒரு பட்டியைக் காத்துப் பார்த்தால் அவர்தம் வாய் அடங்கும். தகர், துருவை, மறி, மேழகம் என்று இத்தனை பெயரிட்டவர் ஏட்டறிவினர் அல்லர், பட்டியில் உறங்கியவர்.

தமிழனுக்கு ஆண்டு சுறவத்தில் (தையில்) பிறக்கிறது. ஆட்டுக்காரனுக்கோ மேழத்தில் (சித்திரையில்) பிறக்கிறது. மேழம் என்பதே கிடாயின் பெயரன்றோ! அத்திங்களில் கிடாய் சேர்ந்தால் ஐந்து திங்கள் கழித்துக் கன்னியில் (புரட்டாசியில்) குட்டி விழும். மழை இறங்கிக் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் தழைக்கும்போது தாய்மடியில் பாலும் ஊறும். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் சூழ்ந்த அக்கொறங்காடு கோடையிலும் கைவிடுவதில்லை. உதிரும் வேலங்காயே தீனி.

அம்மழைதான் துள்ளுமாரியையும் கொணர்கிறது. இளம்புல்லை வயிறுமுட்ட மேய்ந்த ஆட்டின் குடலில் நுண்ணுயிர் பெருகி நஞ்சு கக்குகிறது. மாலையில் துள்ளிய குட்டி காலையில் பிணம். அதிலும் கொழுத்த குட்டியே முதலில் சாகிறது. பின்மழையில் கொசுவினும் சிறிய கடிபூச்சியால் நீலநாக்கு நோய் பரவுகிறது. ஆட்டுக்கொல்லி நோய்க்கோ ஒரு பட்டி ஊசிக்குத் தப்பினாலும் ஊரே தப்பியதற்கு ஒப்பாகும். இவற்றை உணர்ந்து மழைக்கு முன்னரே எல்லாப் பட்டிக்கும் ஒரே நாளில் ஊசி போட்டீர்கள். பாராட்டுகிறேன்.

இனி அறிக்கையில் இல்லாததற்கு வருகிறேன். அதுதான் பொலிகிடாய்.

ஆட்டு வணிகர் பட்டிக்குள் நுழைந்ததும் எதைப் பிடிக்கிறார்? முதுகு அகன்று, கால் நேராய், எடை மிக்க கிடாய்க்குட்டியை. விலை கூடுதல் என்று நாமும் மகிழ்ந்து கொடுக்கிறோம். எவரும் வேண்டாத நோஞ்சான் பட்டியில் தங்குகிறது. பருவம் வந்ததும் அதுவே பொலிகிடாய்! விளைந்த நெல்லையெல்லாம் விற்றுப் பதரை விதைக்கு வைக்கும் உழவன் உண்டோ? பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டிக்குத் தாய். கிடாயோ 25, 30 குட்டிக்குத் தந்தை. அதன் குறை பட்டி முழுதும் படியும். அது போதாதென்று, ஒரே கிடாய் ஆண்டுக்கணக்கில் நின்று தன் மகளையே சேர்கிறது.

நம் மேச்சேரி ஆடு கொம்பற்ற தலையும் இளம்பழுப்பு மயிருமாய், தோலின் தரத்தால் பெயர்பெற்ற இனம். இதற்கென்றே 1978-இல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நன்று. ஆயினும் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் செம்மறிகள் ஏறத்தாழ 45 இலக்கம். ஒரு நிலையம் எத்தனை பட்டிக்குக் கிடாய் தரும்? ஊர்தோறும் கிளைதான் அதைச் செய்தல் வேண்டும்.

குட்டிக்கு மூன்று திங்கள் ஆகும் சிலையில் (மார்கழியில்), வணிகர் வருமுன், பட்டறிவு மிக்க மூவர் பட்டிதோறும் சென்று சிறந்த கிடாய்க்குட்டியைத் தெரிந்து காதில் அடையாளம் இடுக. ஒன்றரை அகவையில் அது பொலிக்கு வரும். ஈராண்டு நின்றபின் மேற்குத் தெருக் கிடாய் கிழக்குத் தெருவுக்கும், அங்குள்ளது இங்குமாக மாறட்டும்.

மகள் திருமணத்தை வைத்துக்கொண்டிருப்பவரிடம் "விற்காதே" என்றால் எங்ஙனம் கேட்பார்? கேட்கவும் வேண்டா. வணிகர் தரும் விலையைக் கிளையே தருக. தீனிச் செலவையும் ஏற்க. பணம் எங்கே என்பீர்கள். அறிக்கையில் காட்டிய மிச்சத்தொகை, அடுத்த விழாவின் பந்தலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பந்தல் இன்றி அவ்வேப்ப மரத்தடியில் அமர்ந்தாலும் என் குரல் உங்கள் காதில் விழும், தொண்டை அப்படி!

எனவே தலைவர் அவர்களே, அத்தொகையைக் கிடாய்க்கு மாற்றும் முடிவை இப்போதே அவைமுன் வையுங்கள். மூவர் பெயரையும் இன்றே முன்மொழியுங்கள். மூவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நன்று. எந்தத் தாய்க்குப் பால் மிகுதி என்பதைக் கறந்தவரே அறிவர்.