கணக்கும் கண்ணாடித் தொட்டியும்

மருத்துவமனையில் வயிற்றைப் படம்பிடிக்கும் ஒலி நம் செவிக்கு எட்டாதது, மீயொலி என்பர். அப்படம் எவ்வாறு அமையும் என்பதைக் கணிப்பொறி இன்று முன்கூட்டியே வரைந்து விடுகின்றது. அதனை நம்பலாமா? நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகள் இவ்வகைக் கேள்வி எழுப்பினால், நான் இராமனைத்தான் சான்று காட்டுவேன்.

1932-இல் அமெரிக்காவில் டிபையும் சியர்சும், பாரிசில் லூக்காசும் பிக்காரும், மீயொலி பாயும் திரவத்தினூடே ஒளியைச் செலுத்தினர். ஒரு கோடு பல கோடுகளாகப் பிரிந்தது. காரணம் யாது? ஒலியால் திரவம் அடர்ந்தும் தளர்ந்தும் நிற்க, ஒளியலை தகரக் கூரைபோல் நெளிந்து வெளிவருகின்றது என்று கொண்டு, பெங்களூரில் இராமனும் நாகேந்திரநாத்தும் 1935-இல் கணக்கு வகுத்தனர். ஒலி வலுக்க வலுக்க நடுக்கோடு மங்கி, முற்றும் அணைந்து, மீண்டும் ஒளிரும் என்றது அக்கணக்கு. துணிச்சலான கூற்று! சூரிச்சில் பேர் என்பார் தொட்டியில் கண்டவை அதனோடு இசைந்தன, 1936-இல் சாண்டர்ஸ் ஒளிச்செறிவை அளந்தார், அதுவும் ஒத்தது. ஆயினும் அதிர்வெண் மிகுந்து ஒலிக்கற்றையும் அகன்றால் அந்த எளிய கணக்கு பொய்க்கும். அவ்விருவருமே பின்னர் அதனை விரித்தெழுதினர்.

இன்று தொட்டிக்கு ஈடாக, ஜெலட்டினும் அகரும் கொண்டு தசைபோல் வார்த்து, அளந்த ஆழத்தில் நூலிழை பதித்து, கணித்த படத்தையும் கருவியின் படத்தையும் ஒப்பிடுகின்றனர். உடலில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் செல்வதாகக் கருவி கொள்கின்றது. கொழுப்பிலோ வேகம் குறைவு. அதற்கு அப்பாலுள்ளது உண்மையினும் சற்று ஆழத்தில் தோன்றும். ஊசி செலுத்தும் மருத்துவருக்கு அந்தச் சில மில்லிமீட்டர் சிறிதன்று.