சோம்பல் அல்ல, சோகை

(விடுதி மாணவியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கம்மாவிலிருந்துதான் தொடங்கணும். நடவு வயலில் மத்தியானத்துக்கு மேல் அதால் குனிய முடியாது. வரப்பில் உட்கார்ந்துவிடும். "சேரிச் சனத்துக்கே உடம்பு வணங்காது" என்பார் வயல்காரர். நாங்களும் நம்பினோம். "எந்திரிம்மா" என்று நானே எரிஞ்சு விழுந்திருக்கிறேன். பல வருஷம் கழித்து ரத்தம் சோதித்தபோதுதான் தெரிந்தது: இரத்தசோகை, கூடவே தைராய்டு சுரப்புக் குறைவு. சோம்பேறி என்ற ஒரு சொல்லுக்குள் ரெண்டு நோயை மறைத்து வைத்திருந்தார்கள்.

தைராய்டு, முன்கழுத்தில் இருக்கிற சின்னச் சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் இயங்கணும் என்பதை அதன் ஹார்மோன்தான் தீர்மானிக்கிறது. அதைச் செய்ய அயோடின் வேணும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. அயோடின் மட்டும் போதாது. அதை ஹார்மோனில் சேர்க்கிற நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. சுரந்ததை உடம்புக்குப் பயன்படும் வடிவமாக மாற்ற செலீனியம் வேணும். இரும்பு குறைந்தால் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதும் குறையும். ஆக, இரும்புக் குறைவு ரெண்டு பக்கமும் அடிக்கிறது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53. இத்தனை பேரும் சோம்பேறிகளா?

ஈரல், ரத்தப் பொரியல், சுவரொட்டி, மாட்டுக்கறி, உப்புக்கண்டம். கீரையில் இருக்கிற இரும்பைவிட இவற்றின் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கடல்மீன், கருவாடு, முட்டையில் அயோடினும் செலீனியமும் கிடைக்கும். எதைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்களோ அதில்தான் சத்து. நானும் கல்லூரி விடுதியில் டப்பாவை மறைத்து மறைத்துத் தின்றவள்தான். கேலி பொறுக்காமல் கடைசியில் கறியையே விட்டேன். அந்த அவமானத்துக்கு என் உடம்பு விலை கொடுத்தது.

பெருமை பேசி நிறுத்திவிடவும் முடியாது. செத்த மாட்டைத் தின்னும் நிலைக்குத் தள்ளியதும் இதே சாதிதான். நல்ல கறி வாங்க நல்ல கூலி வேணும். முட்டையும் மீனும் விடுதிச் சாப்பாட்டில் வேணும் என்பது சலுகை இல்லை, உரிமை.

உப்பைப் பற்றி ஒன்று. கடலுப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று நினைக்கிறோம். இருப்பது சொற்பம்தான். உப்பளத்தில் நாளெல்லாம் நிற்பவர் வீட்டிலும் அது குறையலாம். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கான தடையை 2000இல் நீக்கினார்கள், 2006இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று இருக்கிறதா பாருங்கள். உப்பைக் கூடுதலாகப் போடச் சொல்லவில்லை. அளவு மீறிய அயோடினும் தைராய்டைக் கெடுக்கும்.

கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீங்க, அது இரும்பைத் தடுக்கும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நான் பேசியதைக் கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். வெறும் வயிற்றில் போடுங்கள். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும்.

ஊருக்குப் போனால் அசந்து உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம், "ரத்தம் பார்த்தியாம்மா?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.