ஏரி வாரியத்தில் இல்லாதவர்களின் கால்வாய்

(வாலாஜாபாத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உத்திரமேரூர். அந்த ஊர்க் கல்வெட்டைப் புகழாத அரசியல்வாதி கிடையாது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் புகழ்ந்தார். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள், குடவோலை. பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதையும் அதே கல்வெட்டுதான் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். அது பிரமதேய ஊரின் சபை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்ததும் அந்தச் சபைதான். மண் சுமந்தவர்கள் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே முடியாது.

ஆயிரம் வருடக் கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். நான் பேச வந்தது போக்குக் கால்வாயைப் பற்றி. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். மடையிலிருந்து வயலுக்குப் போவது பாசனக் கால்வாய். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது உபரிநீரை அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோவது போக்குக் கால்வாய். முதல் இரண்டில் அடைப்பு வந்தால் நிலக்காரருக்கு நட்டம், மறுநாளே மனு போய்விடும். மூன்றாவது தூர்ந்து கரை சரிந்தால் தண்ணீர் பள்ளம் பார்த்துப் போகும். பள்ளத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் அவளூர் தரைப்பாலத்தைச் சிதைத்தது, செய்தியானது. கால்வாய் உடைந்து காலனிக்குள் முழங்காலளவு நிற்கும் தண்ணீர் செய்தியாவதில்லை.

குடிமராமத்து என்றாலே பலருக்குப் பெருமை. ஊர் கூடிச் செய்த வேலையாம். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்து என்றால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை எல்லாம் கிராம அதிகாரி வேலைக்கு அழைக்கலாம், வராவிட்டால் தண்டனை. உழைக்கும் வகுப்பு என்று எழுதியே வைத்தார்கள். நிலம் வைத்திருந்தவரை அல்ல!

2017 மார்ச்சில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், மணிமங்கலம் ஏரியில், குடிமராமத்து புதிய திட்டமாகத் தொடங்கியது. வேலை பாசனதாரர் சங்கங்களிடம் போனது. ஆயக்கட்டில் நிலம் இருந்தால் அங்கே குரல் உண்டு. போக்குக் கால்வாய் ஓரத்தில் மூன்று சென்ட் மனையில் இருப்பவருக்கு ஓட்டும் இல்லை, கணக்கு கேட்கும் இடமும் இல்லை. ஆனால் நூறு நாள் வேலையில் அந்தக் கால்வாயைத் தூர்வாரியது யார்? நம் அம்மாக்கள்தான்.

வேலையும் எப்படி நடக்கிறது பாருங்கள். பொக்லைன் வந்து கலங்கலுக்குக் கீழே நூறு, இருநூறு மீட்டர் ஆழமாகத் தோண்டும். புகைப்படம் எடுப்பார்கள். கீழே கால்வாய் குறுகலாகவே கிடக்கும். மேலே வேகமாக வந்த தண்ணீர் கீழே முட்டிக் காலனிக்குள் பாயும். வெட்டிய மண்ணைக் கரை விளிம்பிலேயே கொட்டுவதால் முதல் மழையில் அது திரும்ப உள்ளே விழும். செங்குத்தாக வெட்டிய கரை சரியும். கடைமடையிலிருந்து, தண்ணீர் போய்ச் சேரும் இடத்திலிருந்து, மேல்நோக்கி வேலை வர வேண்டும். கரையைச் சரிவாக வெட்ட வேண்டும். தண்ணீர் விழுந்து அரிக்கும் இடத்தில் கல் பாவ வேண்டும், மற்ற இடத்தில் வெட்டிவேரும் நாணலும் போதும். சாலைக்கு அடியில் வைத்த சின்னக் குழாயை எடுத்துவிட்டு அகலமான சிறுபாலம் கட்ட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வடமாவட்டங்களில் நீர்க்கட்டி, கம்புகட்டி என்று தலைமுறையாக மடை காத்த தலித் முதியவர்களைக் கேளுங்கள், எந்த வளைவில் கரை முதலில் போகும் என்று காட்டுவார்கள். அவர்களைக் கூலியாக மட்டுமே கூப்பிடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. 'சீரமைப்பு' என்றவுடன் 2007ஆம் ஆண்டு ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் முதலில் குடிசையைத்தான் தேடி வரும். அளவை மேலிருந்து கீழ்வரை முழுக் கால்வாய்க்கும் எடுக்கச் சொல்லுங்கள். கிராமப் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்குங்கள். எந்த மனைப்பிரிவு, எந்த மதில் கால்வாய்க்குள் நிற்கிறது என்பது அதில் தெரியும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் வையுங்கள்: போக்குக் கால்வாய்ப் பணியைக் கண்காணிக்கும் குழுவில் பாதிப்பேர் கால்வாய் ஓரக் குடியிருப்பினர், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். அக்டோபர் 2 சபைக்குத் தள்ளிப்போடச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குள் மழை வந்துவிடும்.