மாற்றிதயமும் மாறாத மருந்தும்



இதய மாற்று அறுவை நலமாக முடிந்தது என்று கேள்வியுறின், "இனிக் கவலையில்லை" என்று மகிழ்கிறோம். மகிழ்ச்சி தக்கதே. ஆயினும் வீட்டாரின் கடமை அன்றுதான் தொடங்குகிறது என்பதை எடுத்துரைக்கவே இங்கு வந்துள்ளோம்.

1967 டிசம்பர் 3-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு, மனிதர் ஒருவரின் இதயத்தை மற்றொருவருக்கு முதன்முதலாகப் பொருத்தினார். நோயாளி வாழ்ந்தது 18 நாட்களே. புதிய இதயம் ஓயவில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கத் தந்த மருந்துகளால் உடல் காவலிழந்திருக்க, நுரையீரல் அழற்சி உயிரைக் கவர்ந்தது.

அயற்பொருளைத் தாக்குவது உடலின் இயல்பு. கிருமியையும் உயிர்காக்க வந்த இதயத்தையும் அது ஒருங்கே பகையெனக் கருதும். அவ்வாற்றலைத் தணிக்காவிடில் இதயம் அழியும். மிகத் தணித்தாலோ சிறு தொற்றும் பெருங்கேடாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒற்றையடிப் பாதையே இம்மருத்துவம்.

நார்வே நாட்டு மண்ணில் கண்ட பூஞ்சையொன்றிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரின், 1980-களில் வழக்கிற்கு வந்தபின் அப்பாதை அகன்றது. 1994 ஆகஸ்டு 3-ஆம் நாள், நாம் வாழும் இத்தில்லியில், எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பி. வேணுகோபால் குழுவினர் இந்நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்றினைச் செய்தனர். இன்று டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தொடங்குவது பெருவழக்கு.

உடல் தேறியதும், "இன்னும் எதற்கு மருந்து?" என்னும் எண்ணம் எழும். அதுவே பேரிடர். ஒவ்வாமைப் போர் தொடக்கத்தில் யாதொரு குறியுமின்றி நிகழக்கூடும். ஆதலின் மருந்தை வாழ்நாள் முழுதும், குறித்த வேளையில் உட்கொள்ளல் வேண்டும். குருதியில் மருந்தின் அளவையும், சிறுநீரகம், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் அவ்வப்போது சோதித்தல் வேண்டும். பம்பளிமாசுப் பழமும் சில மூலிகைகளும் மருந்தின் அளவைக் குலைக்கும். மருத்துவரைக் கேளாது கைமருந்து தருதல் கூடாது.

அயலாராகிய நமக்கும் பங்குண்டு. காய்ச்சலோ சளியோ உள்ளபோது அவ்வீட்டிற்கு நலம் விசாரிக்கச் செல்லாதிருப்பதே மெய்யன்பு. ஊருக்குப் புறப்படுவோரிடம், "மருந்து போதுமான அளவு எடுத்துக்கொண்டீர்களா?" என்று ஒரு சொல் கேட்போம்.

முன்பின் அறியாத ஒரு குடும்பம், தன் பெருந்துயரின் நடுவே ஈந்த கொடை அவ்விதயம். அதனை நாள்தோறும் காப்பது சிறு மாத்திரையே. அதைத் தவறவிடாதிருக்கத் துணைநிற்போமாக.