ஆழம் அளந்தவர்



சாரல் காலம் வந்துவிட்டால் வெளியூர் உறவினர்கள் தென்காசியில் இருக்கும் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" என்பதுதான். நம்பி வந்தவர்களைக் குற்றாலத்தில் காவலர்கள் விசில் ஊதி வெளியேற்றினால் நமக்குக் கோபம் வருகிறது. "இவ்வளவு தூரம் வந்து குளிக்காமல் போவதா?" என்று வாதாடுகிறோம். ஆனால் மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்ததை நாம் மறக்க முடியாது. நம் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை நமக்காக யாரோ ஒருவர் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலைச் சேருகிறது. கடலிலும் இதே நிலைதான். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். அடியில் எங்கே பார் இருக்கிறது, எங்கே மணல்திட்டு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதை அளந்து வரைபடமாக்குவதற்கென்றே நம் கடற்படையில் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் பணியாற்றி, கடற்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்த முதல் அதிகாரி நம் தென் தமிழகத்துக்காரர். நாகர்கோவிலில் 1940ஆம் ஆண்டு பிறந்த அட்மிரல் சுஷில் குமார் அவர்களைப் பற்றித்தான் இன்று சிந்திக்கவிருக்கிறோம்.

ஆழம் அளப்பது எப்படி? முன்பெல்லாம் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, எத்தனை பாகம் தண்ணீர் என்று எண்ணுவார்கள். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவியிருப்பார்கள். தரையில் இருப்பது மணலா சேறா என்பது அதில் ஒட்டி வரும். பிறகு ஒலியைக் கொண்டு அளக்கும் கருவி வந்தது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி தரையில் மோதி இரண்டு நொடியில் திரும்பினால், போக ஒரு நொடி, வர ஒரு நொடி. ஆகவே ஆழம் 1,500 மீட்டர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கப்பல் வயலில் ஏர் ஓட்டுவதுபோல் கோடு கோடாகப் போய்வர வேண்டும். ஓதத்தின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அளக்காத இடத்தை அளக்கவில்லை என்றே காட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஊகித்து நிரப்பினால், பல ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் அந்த வழியே வரும் மாலுமி தன் உயிரைக் கொடுக்க நேரிடும். எழுதியவர் யார் என்று அந்த மாலுமிக்குத் தெரியாது. அவர் அந்த எண்ணை நம்பித்தான் கப்பலைச் செலுத்துகிறார்.

இப்படிப்பட்ட பணியில் பழகியவரிடம் நாடு பெரிய பொறுப்பை ஒப்படைத்தது ஒரு நெருக்கடியான நாளில். 1998ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், அதுவரை தலைமைத் தளபதியாக இருந்தவரை மத்திய அரசு பதவி நீக்கம் செய்தது. சுதந்திர இந்தியாவில் அதற்குமுன் நடந்திராத நிகழ்ச்சி அது. அன்றே சுஷில் குமார் பொறுப்பேற்றார். சில மாதங்களிலேயே கார்கில் போர் மூண்டது. போர் நடந்ததோ பனிமலையில். கடற்படைக்கு அங்கே என்ன வேலை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் 'ஆபரேஷன் தல்வார்' என்ற பெயரில் கிழக்குக் கடற்படையின் கப்பல்களும் அரபிக்கடலுக்கு வந்து அணிவகுத்து நின்றன. கடலில் போர் மூளவில்லை. ஆனாலும் அந்தக் காவல் எதிரியின் கணக்கை மாற்றியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் மும்பையில் கலந்துகொண்ட பன்னாட்டுக் கப்பற்படை அணிவகுப்பும் அவர் காலத்தில்தான் நடந்தது. 'நட்புப் பாலங்கள்' என்பது அதன் மையக்கருத்து. 2001ஆம் ஆண்டு டிசம்பரில் ஓய்வு பெற்ற அவர், 2019ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் காலமானார்.

அன்பானவர்களே, சிறு பொறுப்பில் உண்மையாய் இருப்பவரையே பெரிய பொறுப்பிலும் நம்பலாம் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கற்பிக்கிறார். பெரிய பதவியைக் கண்டு வியக்கிறோம். பிள்ளைகளையும் அதற்கே தயாரிக்கிறோம். அதற்கு முன்னால் இருந்த சிறிய எண்களை நாம் கவனிப்பதில்லை.

நம் வேலைகளை எண்ணிப் பார்ப்போம். பார்க்காமலேயே பதிவேட்டில் 'பார்த்தாயிற்று' என்று கையெழுத்து இடுவது நம்மிடையே எவ்வளவு சாதாரணமாகிவிட்டது! பள்ளிப் பேருந்தின் பிரேக்கைச் சோதிப்பவர், மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் அளந்து எழுதும் செவிலியர், குடிநீர்த் தொட்டியில் குளோரின் அளப்பவர், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், திருமண ஓலைக்கு முன் இருவரையும் விசாரிக்கும் குருக்களாகிய நாங்கள் என எல்லாருமே யாரோ ஒருவருக்காக ஆழம் அளக்கிறோம். நாம் எழுதுவதை நம்பி ஒருவர் தம் குழந்தையை அனுப்புவார், மருந்து சாப்பிடுவார், வாழ்க்கையைத் தொடங்குவார். அவரை நாம் ஒருவேளை சந்திக்கவே மாட்டோம்.

ஆகவே இந்த வாரம் ஒன்றை மட்டும் முடிவு செய்வோம். அளந்ததை மட்டும் எழுதுவோம். அளக்காததை, "இன்னும் அளக்கவில்லை" என்று துணிந்து சொல்வோம். அதனால் ஒருநாள் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. நம் சொல்லை நம்பி வருகிறவர் பத்திரமாகக் கரை சேரட்டும். யாரும் காணாத இடத்தில் நாம் செய்யும் நேர்மையான வேலையைக் காணும் இறைவன், உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.