நந்தியில்லாத ஊரில் ஒரு நந்தி

(முதுமையில் பெரிதும் வேண்டுவது ஓய்வா? நடமாட்டமா? ‘நடமாட்டமே’ என்ற அணியில் ஆவுடையார்கோவில் மேடையில் பேசியது)



எதிரணியில் முதலில் பேசிய அம்மையார், “அறுபது வருஷம் உழைச்ச காலு, இனிமேலாவது உட்காரட்டுமே” என்றார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, இது எந்த ஊர்? திருப்பெருந்துறை. மற்ற சிவன் கோவிலுக்குப் போனால் சந்நிதிக்கு எதிரே யார் உட்கார்ந்திருப்பார்? நந்தி. இங்கே நந்தி உண்டா? கிடையாது. கொடிமரம் உண்டா? அதுவும் கிடையாது. நந்தியே இல்லாத ஊரில் வந்து நின்றுகொண்டு, “பெத்த தாயை வீட்டுக்குள்ளே நந்தியா உட்கார வையுங்க”ன்னு பேசுறாங்களே, நியாயமா? (சிரிப்பு, கைதட்டல்)

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன்னா, அந்தத் தப்பைச் செஞ்சவன் நான்.

என் தாயாருக்கு இந்தப் பக்கத்துக் கிராமம்தான். சாயங்காலம் ஆனால் கோவிலுக்கு நடை. வழியில பூக்காரம்மாகிட்ட ஒரு பேச்சு, எதிரே வர்றவங்ககிட்ட ஒரு விசாரிப்பு. பிரகாரம் சுத்தும்போது விரலை மடக்கி எண்ணுவாங்க. அப்பா காலமானதும் மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இரண்டாவது மாடி வீடு. ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். “அம்மா, நீங்க ஒரு வேலையும் பார்க்கக் கூடாது, உட்காருங்க.” தண்ணீர் கைக்கு வரும். சாப்பாடு இருந்த இடத்துக்கு வரும். எதிரே டி.வி. பார்த்தவங்க எல்லாம், “மகன்னா இப்படி இருக்கணும்”னாங்க. நானும் பூரிச்சுப் போனேன்.

முதல் வருஷம் கால் தளர்ந்தது. அடுத்த வருஷம் அடுப்படி எது, குளியலறை எது என்று குழம்பியது. ஒருநாள் கல்லூரி விட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுச் சொன்னாங்க: “என் மகன் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரலைங்க. உட்காருங்க.”

நடுவர் அவர்களே, உட்காருங்க, உட்காருங்கன்னு நான் சொல்லிச் சொல்லி வச்சது. அது மட்டும் மறக்கலை!

மருத்துவரிடம் ஓடினேன். “நான் உட்கார வச்சதாலதான் இப்படியா?” என்று கேட்டேன். அவர் நேர்மையான மனிதர். “அப்படிச் சொல்லிவிட முடியாது. மூளையில் நோய் முன்பே தொடங்கி, அதனாலேயே நடை தளர்ந்திருக்கலாம். ஆனால் நடையை நிறுத்தியது நல்லதல்ல” என்றார். கால் முந்தியா, மூளை முந்தியா என்பது மருத்துவர்களுக்கே ஒரு பட்டிமன்றம்!

ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. நடப்பது கால் மட்டும் செய்கிற வேலையா? கண் பார்க்க வேண்டும், காது கேட்க வேண்டும், மூளை வழி சொல்ல வேண்டும். 1997-இல் ஸ்வீடன் நாட்டில் ஓர் ஆய்வு செய்தார்கள். பெரியவர்களோடு கூடவே நடந்துபோய்ப் பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் அடுத்த 6 மாதங்களுக்குள் கீழே விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே மூளையிடம்தானே கூலி வாங்குகின்றன!

2011-இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு ஓராண்டு நடந்தது. வாரத்தில் 3 நாள், 40 நிமிடம். இன்னொரு பிரிவு கைகால்களை நீட்டி மடக்கியது. நினைவுக்கு ஆதாரமான மூளைப் பகுதி நடந்தவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியது.

நடந்தால் மறதி நோய் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். ஆனால் 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைக் கவனித்தால் நூற்றில் 45 பேர் அளவுக்கு இந்த நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. உடல் அசையாமை அதில் ஒன்று. தனிமை இன்னொன்று. என் அம்மாவின் கோவில் நடையில் இரண்டுக்கும் மருந்து இருந்தது. நான் ஒரே நாற்காலியில் இரண்டையும் பறித்துவிட்டேன்.

“விழுந்துட்டா யார் பொறுப்பு?” என்று எதிரணித் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. குளியலறையில் பிடிகம்பி வையுங்கள். வழுக்காத தரை போடுங்கள். கண்ணையும் காதையும் சோதியுங்கள். எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே வந்து தர வழிசெய்திருக்கிறார்கள். விழுந்துவிடுவார்கள் என்று பயந்து உட்கார வைத்தால் கால் இன்னும் தளரும். தளர்ந்த கால்தானே முதலில் விழும்?

அதற்குப் பிறகு நான் தினமும் அம்மா கையைப் பிடித்து மொட்டை மாடியில் நடந்தேன். நோய் போகவில்லை. கடைசிவரை என் பெயரும் அவங்களுக்கு ஞாபகம் வரலை. ஆனால் ஒருநாள் சாயங்காலம் திரும்பிப் பார்க்கிறேன், விரலை மடக்குறாங்க. “என்னம்மா?”ன்னேன். “மூணு சுத்து ஆச்சுப்பா”ன்னாங்க. மாடியிலேயே பிரகாரம் சுத்திக்கிட்டு இருந்திருக்காங்க, என் தாய்!

ஆகவே நேயர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பெற்றவர்களிடம் “உட்காருங்க” என்று சொல்லாதீர்கள். “வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்று கையை நீட்டுங்கள். முதுமைக்கு வேண்டுவது நடமாட்டமே என்று நடுவர் நல்ல தீர்ப்புத் தர வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.