முதலாளி தரும் விசாவும் நம் பிள்ளைகளின் உழைப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நமதூர் சபுராளிகளின் ஊர். நம் பாட்டனார்கள் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர். பின்னர் அரபு நாடுகள் வந்தன. கபீல், இக்காமா என்னும் சொற்கள் நம் வீட்டுப் பெண்களுக்கும் மனப்பாடம். இப்போது படித்த பிள்ளைகள் சிலர் ஆஸ்திரேலியாவை நாடுகின்றனர். அரபு நாட்டில் எத்தனை காலம் உழைத்தாலும் பெரும்பாலோர் ஒரு நாள் பெட்டி கட்டியே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவிலோ, ஒரு முதலாளியின் ஸ்பான்சரில் சென்றவர் குறிப்பிட்ட காலம் உழைத்தபின் நிரந்தர வசிப்புரிமை பெற வழியுண்டு. அந்த ஆசையே பலரை அங்கு வாய் மூடி இருக்கவும் வைத்தது. இது குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தார் கேட்டபோது, நம்முடைய தவறு ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று எண்ணினோம்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் நம் மஹல்லாவைச் சேர்ந்த தகப்பனார் ஒருவர் மஃரிபுக்குப் பின் நம்மிடம் வந்தார். சமையற்கலை பயின்ற அவருடைய மகன் அவ்வாண்டு ஜனவரியில் அங்கு ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சம்பளம் வங்கிக் கணக்கில் முழுமையாக விழும். அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் ரொக்கமாக முதலாளியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் விசா போய்விடும் என்ற மிரட்டல். அந்த முதலாளியும் ஸலாம் சொல்லி, தமிழ் பேசி வேலைக்கு எடுத்தவர்தான். "ஹஜ்ரத், பையனை விட்டுவிடச் சொல்லட்டுமா?" என்று தகப்பனார் கேட்டார்.

அன்றைய சட்டப்படி, 2018 மார்ச்சில் பழைய 457 விசாவுக்குப் பதிலாக வந்த 482 விசாவில், ஒரே முதலாளியிடம் மூன்று வருடம் உழைத்தால்தான் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். இடையில் முதலாளி மாறினால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வேலை போனால் புதிய ஸ்பான்சரைத் தேட அறுபது நாட்களே அவகாசம். இதையெல்லாம் விசாரித்து அறிந்த நாம், "பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள், மூன்று வருடம்தானே" என்றோம். பொறுமை என்பதற்கு நாம் அன்று கொண்ட பொருள் பிழையானது. ஒரு தொழிலாளியின் கூலியைப் பறிப்பவனுக்கு அது உதவியாகவே முடிந்தது.

2023 ஆகஸ்டில் அந்த உணவகம் மூடப்பட்டது. அறுபது நாட்களுக்குள் வேறு இடம் அமையவில்லை. ஏறக்குறைய இருபது மாத உழைப்பு எந்தக் கணக்கிலும் சேராமல் பிள்ளை ஊர் திரும்பினார். அவர் இன்று இச்சபையில் இருக்கிறார். அவருடைய சம்மதத்துடனேயே இதைக் கூறுகிறோம்.

அவர் திரும்பிய சில வாரங்களிலேயே சட்டம் மாறத் தொடங்கியது. 2023 நவம்பர் 25 முதல் மூன்று வருடம் இரண்டு வருடமாகக் குறைந்தது. குறுகிய காலப் பட்டியலில் சென்றதால் இவ்வழியே அடைக்கப்பட்டிருந்தோருக்கும் அது திறந்தது. 2024 ஜூலை 1 முதல் அறுபது நாள் 180 நாளாயிற்று. விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள் வரை. அந்த நாட்களில் வேறிடத்தில் வேலை செய்து வயிற்றைக் கழுவவும் அனுமதி உண்டு. அதே நாளிலிருந்து, விசாவைக் காட்டி மிரட்டி ஒருவரை அநியாயத்திற்கு உட்படுத்துவது கிரிமினல் குற்றமாக்கப்பட்டது. 2024 டிசம்பர் 7 அன்று 482 விசாவே புதிய அமைப்பில், தேவைத் திறன் விசா என்ற பொருள்படும் பெயரில், மறுபடியும் வகுக்கப்பட்டது. முன் அனுபவம் இரண்டு வருடத்திலிருந்து ஒரு வருடமாயிற்று. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இது: அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் அத்தொழிலைச் செய்தாலும் அந்தக் காலம் இரண்டு வருடக் கணக்கில் சேரும். அதுவரை முதலாளியின் கையில் இருந்த கணக்குப் புத்தகம் தொழிலாளியின் கைக்கு வந்தது என்று நாம் விளங்கிக் கொள்கிறோம்.

ஆயினும் கட்டு முழுவதும் அவிழ்ந்துவிடவில்லை. நிரந்தர உரிமைக்கு நியமனம் செய்ய ஒரு முதலாளி இன்னும் தேவை. பொதுவாக வயது 45க்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டும். சம்பள வரம்பு 2013 முதல் பத்தாண்டுகள் 53,900 டாலரிலேயே நின்றிருந்தது. அது 2023 ஜூலையில் 70,000 ஆகி, 2025 ஜூலையில் 76,515ஐத் தொட்டது. அதற்குக் குறைவாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தை 2025இல் ஒருவர் கொண்டு வந்தார். கையெழுத்திடும் முன் கொண்டு வந்தாரே, அதுவரை அல்ஹம்துலில்லாஹ்!

இனி நம் ஊரைப் பற்றி. ஸ்பான்சர் வாங்கித் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் பேசும் தரகர்கள் இங்கும் நடமாடுகின்றனர். அரபு நாட்டு விசாவுக்குப் பணம் கட்டிப் பழகிய நாம் இதையும் அதுபோலவே எண்ணி நகையை அடகு வைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சருக்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பர் முதல் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. கொடுத்தவரின் விசாவும் ரத்தாகலாம். முதலாளி அரசுக்குச் செலுத்தும் பயிற்சி நிதி, சிறு நிறுவனமாயின் வருடத்திற்கு 1,200 டாலர், பெரிய நிறுவனமாயின் 1,800. அதைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. ஆஸ்திரேலியாவில் உள்ள விசா ஆலோசகர் சட்டத்தரணியாகவோ அரசில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவேட்டை எவரும் பார்க்கலாம். நம் ஊர்த் தரகருக்கு அந்தப் பதிவு பெறும் கட்டாயம் இல்லை என்பதால்தான் அவர் பேச்சு அவ்வளவு இனிக்கிறது!

ஏற்கெனவே அங்கு சிக்கியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், முதலாளியின் செய்திகள் யாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கூலி பறிக்கப்பட்டவர் புகார் செய்ததால் விசாவை இழந்துவிடாதபடி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு 2024 ஜூலையில் அங்கு தொடங்கப்பட்டது. நம் பிள்ளை சிக்கியிருந்த நாளில் அது இல்லை. "பொறுத்துக் கொள்" என்று மட்டும் இனி நம் வாயிலிருந்து வராது.

ஒப்பந்தங்களை வாசித்துச் சொல்ல, மாதத்தின் முதல் ஞாயிறு அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகம் திறந்திருக்கும். நாம் இருப்போம், நாம் சொன்ன அந்தப் பிள்ளையும் இருப்பார். கையெழுத்திடாத தாளையே கொண்டு வாருங்கள். வஸ்ஸலாம்.